எந்தத் தேதியிலிருந்து

எங்கள் தொழிற்சாலைக் கேன்டீனில் பெண்களுக்கென்று ஜன்னலோரமாக நீளமான ஒரு சிமெண்டு மேஜை இருந்தது. அதன் அருகே அக்கா வந்து நின்ற மதியம் இன்னும் அப்படியே கண்ணில் நிற்கிறது. நாங்கள் பாதிச் சாப்பாட்டில் இருந்தோம். அவர் பர்சனல் ஆபீசிலிருந்து நேராக வந்திருந்தார். கையில் ஒரு காகிதம். உட்காரவில்லை. "எனக்கு வயர்மேன் கிரேடு குடுத்துட்டாங்க. நான் வாங்கிட்டேன்" என்றார். மெதுவாகத்தான் சொன்னார். ஆனாலும் மேஜையின் மறுகோடி வரை கேட்டது.

எதிரே இருந்த வதினா டிபன் பாக்ஸை மூடினார். வதினா என்றால் தெலுங்கில் அண்ணி. ஷாப் என்று நாங்கள் சொல்லும் எங்கள் வேலைப் பிரிவில் எல்லோரும் அந்தத் தெலுங்குக்காரப் பெண்ணை அப்படித்தான் கூப்பிடுவோம். கணவரை இழந்தவர், மூன்று பிள்ளைகள், அக்காவுக்கு அடுத்தபடி சீனியர். அவர் எழுந்து போய்க் கோடியில் காலியாக இருந்த ஒரு பெஞ்சில் தனியாக உட்கார்ந்தார். ஒருவர் பின் ஒருவராக மற்றவர்களும் எழுந்து போனார்கள். நான் என்ன செய்வதென்று தெரியாமல் அங்கேயே இருந்தேன். அக்கா என் எதிரில் உட்கார்ந்து ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தார். சாப்பாட்டைத் திறக்கவில்லை.

ஹைதராபாத்தின் பாலாநகரில் இருந்த அது ஒரு பொதுத்துறைத் தொழிற்சாலை. வயர்லெஸ் பெட்டிகள் செய்தோம். அறுபதுகளின் பிற்பகுதியில் வேலை பெருகியபோது பெண்களைத் தற்காலிக ஹெல்ப்பராக எடுத்தார்கள். தட்டுத் தூக்குவது, மேஜை துடைப்பது, வெட்டிய கம்பித் துண்டுகளைக் கூட்டிப் பெருக்குவது, அதுதான் வேலை என்றார்கள். பியுசி முடித்துவிட்டு நான் போய்ச் சேர்ந்த வாரமே என்னை வயரிங் மேஜையில் உட்கார வைத்துவிட்டார்கள். பலகையில் வரைபடத்தின்படி ஆணி அடித்திருக்கும். அதைச் சுற்றிக் கலர் கலரான கம்பிகளை ஓட்ட வேண்டும். மெழுகு நூலால் சேர்த்துக் கட்ட வேண்டும். முனைகளைச் சீவி, ஈயம் பூசி, இணைப்பு ஊசிகளில் ஒவ்வொன்றாகச் சால்டரிங் செய்ய வேண்டும். பக்கத்து மேஜையில் ஐடிஐ படித்த ஆண்கள் இதையேதான் செய்தார்கள். அவர்கள் வயர்மேன், நாங்கள் ஹெல்ப்பர்.

எங்களை நிரந்தரமாக்கியபோதும் ஹெல்ப்பராகத்தான் நிரந்தரமாக்கினார்கள். ஹெல்ப்பருக்கு ஸ்டோர்ஸில் கருவி கொடுக்க மாட்டார்கள். பக்கத்து மேஜைக்காரர் ஒருவருடைய பித்தளை டோக்கனை வாங்கிக்கொண்டு போய், அவர் பேரில் கட்டரும் சால்டரிங் அயர்னும் எடுத்து வருவோம். நாங்கள் முடித்த பலகையோடு போகும் ஜாப் கார்டிலும் அவர் பெயர்தான் இருக்கும். பலகை நன்றாக வந்தால் அவருக்குப் பாராட்டு. தப்பாகத் திரும்பி வந்தால் மட்டும் எங்கள் மேஜைக்கு வந்து, "யாரம்மா இதைச் செஞ்சது?" என்று கேட்பார்கள்.

இந்த விஷயத்தில் முதலில் வாயைத் திறந்தது அக்காதான். எங்களில் மூத்தவர். வேலூர்ப் பக்கத்திலிருந்து கண்டோன்மெண்டில் வேலைக்கு வந்து சிகந்தராபாத்திலேயே தங்கிவிட்ட பழைய கிறிஸ்தவக் குடும்பம் அவருடையது. அவருடைய தமிழில் உருது தாராளமாகப் புழங்கும். வேண்டாம் என்பதற்கு நக்கோ, ஏன் என்பதற்குக் கைக்கு, ஆமாம் என்பதற்கு ஹவ். லாலாகுடாவில் ரயில்வே குவார்ட்டர்ஸில் கும்பகோணத்துத் தமிழ் பேசி வளர்ந்த எனக்கு அதைக் கேட்கக் கேட்க ஆசையாக இருக்கும். அவர் வீடு மெட்டுகூடாவில். நான் ஏறும் பஸ்ஸில் இரண்டு நிறுத்தம் தள்ளி ஏறுவார். அவருக்காக நான் ஜன்னலோரத்தை விட்டு வைத்திருப்பேன்.

அவர் எழுதி எல்லோரிடமும் கையெழுத்து வாங்கிய மனுவைப் பார்த்த அன்றைய பர்சனல் ஆபீசர் சிரித்தாராம். "கிரேடோட பேரே வயர்மேன். அதுல பொம்பளைங்களை எப்படிம்மா போடறது?" என்றாராம். யூனியன்காரர்களிடம் போனோம். போனஸ் பேச்சு முடியட்டும் என்றார்கள். அது முடிந்ததும் கேன்டீன் பிரச்சினை முடியட்டும் என்றார்கள். கடைசியில் அக்காவும் வதினாவும் விசாரித்து விசாரித்து, சுல்தான் பஜாரில் ஒரு மாடி அறையில் இருந்த வயதான வக்கீல் ஒருவரைக் கண்டுபிடித்தார்கள். பழைய ஹைதராபாத்துக்காரர், ஷெர்வானி போட்ட மனிதர். எங்கள் எல்லோரையும், அம்மா என்பதுபோல, பீபி என்றுதான் அழைப்பார். பேச்சின் முடிவில் தவறாமல் "சபர் கரோ, பீபி" என்பார். பொறுமையாக இரு என்று அர்த்தம். வெளியே வந்ததும் அக்கா, "இவரு சபர்னு சொல்லச் சொல்லத்தான் எனக்குக் கால் நிக்க மாட்டேங்குது" என்பார். அவர் சுபாவம் அப்படி. பஸ் நிறுத்தத்தில்கூட ஓரிடத்தில் நிற்க மாட்டார், நாலு எட்டு இங்கே, நாலு எட்டு அங்கே என்று நடந்துகொண்டே இருப்பார்.

லேபர் கோர்ட்டில் வழக்குப் பதிவாயிற்று. வாய்தா மேல் வாய்தா. இதற்குள் தொழிற்சாலையில் பர்சனல் ஆபீசர் மாறினார். வந்தவர் தமிழ்நாட்டுக்காரர், சாந்தமாகப் பேசுபவர். ஒருநாள் அக்காவை மட்டும் கூப்பிட்டு அனுப்பினார். அன்று சாயங்காலம் பஸ்ஸில் அக்கா என்னிடம் சொன்னார்:

"நாற்காலில உக்காரச் சொன்னாரு. காபி வரவழைச்சாரு. அதுலயே எனக்குப் புரிஞ்சுபோச்சு. கேஸ்லேர்ந்து என் பேரை எடுத்துக்கிட்டா எனக்கு வயர்மேன் கிரேடு குடுக்கறாங்களாம். எனக்கு மட்டும்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"யோசிச்சு சொல்றேன்னேன்."

முடியாது என்று சொல்லியிருப்பார் என்றுதான் நான் நினைத்திருந்தேன். யோசிக்கிறேன் என்றது எனக்கு என்னவோபோல இருந்தது. அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே, "வயர்மேன்னா குவார்ட்டர்ஸ் குடுப்பாங்க, தெரியுமில்ல? கீழ் வீடு ஒண்ணு காலியா இருக்காம்" என்றார்.

அக்காவின் கணவர் தனியார் பஸ் கம்பெனி ஒன்றில் டிரைவராக இருந்தவர். நல்ல திடகாத்திரமான ஆள். பக்கவாதம் வந்து வலது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. பேச்சும் குழறிப்போயிற்று. அவர்கள் குடியிருந்தது ஒரு குறுகலான படிக்கட்டுக்கு மேலே. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டுமென்றால் அக்கம்பக்கத்தில் இரண்டு ஆண்களைத் தேடிப்பிடிக்க வேண்டும். மற்ற நாட்களில் அவர் மேலே ஜன்னலருகே உட்கார்ந்து, கீழே போகும் வண்டிகளைப் பார்த்துக்கொண்டிருப்பார். வருடக்கணக்கில் அவர் தரையில் கால் வைத்து வெயிலில் உட்கார்ந்ததில்லை. போதாக்குறைக்கு வீட்டுச் சொந்தக்காரர் வேறு வீட்டைக் காலி செய்யச் சொல்லி நச்சரித்துக்கொண்டிருந்தார்.

அந்த வாரம் முழுக்க அக்கா அந்த விஷயத்தைப் பேசவே இல்லை. வாரக் கடைசியில்தான் அந்தக் கேன்டீன் மதியம்.

அதன்பிறகு ஷாப்பில் அவரோடு பேசியது நான் ஒருத்திதான். வேலை விஷயமாக ஏதாவது கேட்டால் மற்றவர்கள் காதில் விழாததுபோல இருப்பார்கள். வதினா அவர் இருக்கும் திசையில் திரும்புவதைக்கூட விட்டுவிட்டார். "நம்ம கையெழுத்தை எல்லாம் அடுக்கி வைத்து அதன்மேல் ஏறி நின்று மாம்பழம் பறித்துக்கொண்டாள்" என்று தெலுங்கில் ஒருநாள் உரக்கவே சொன்னார். அக்கா குனிந்து மெழுகு நூலை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார். காது மடல் சிவந்தது.

குவார்ட்டர்ஸுக்கு மாறிய பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் போயிருந்தேன். வீட்டு முன்னால் ஒரு வேப்பமரம். அதனடியில் மாமா, அக்காவின் கணவர், நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நல்ல கையால் ஒரு நாய்க்குட்டிக்குப் பிஸ்கட் போட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் குழறலாக ஏதோ சொன்னார். எனக்குப் புரியாததைப் பார்த்த அவருடைய சின்ன மகள், "ஹி சேஸ் ஹி ஹாஸ் ஃபிரெண்ட்ஸ் நௌ" என்றாள். அக்காவின் பெண்களுக்குத் தமிழ் புரியும், பேச மாட்டார்கள். அக்கா உள்ளேயிருந்து டீ கொண்டுவந்தார். மாமாவின் முகத்தில் வெயில் பட்டுக் கண் கூசியதைப் பார்த்து, நாற்காலியை இழுக்கப் போனார். அவர் தலையை ஆட்டி வேண்டாம் என்றார். அந்த வெயில் அவருக்கு வேண்டியிருந்தது. வதினா இதை ஒரு தடவை வந்து பார்த்தால் தேவலை என்று நினைத்தேன். அடுத்த நிமிடமே, கேஸ் தோற்றுப்போனால் வதினாவின் பிள்ளைகள் என்ன செய்வார்கள் என்றும் தோன்றியது. அந்த வருடம் முழுக்க எனக்கு இப்படித்தான், எந்தப் பக்கம் நினைத்தாலும் மனது நிலைகொள்ளாமல் கிடந்தது.

கம்பெனியும் சும்மா இருக்கவில்லை. கேஸில் தங்கள் தரப்புச் சாட்சியாக அக்காவின் பெயரைக் கொடுத்தார்கள். பர்சனல் ஆபீசர் மறுபடி கூப்பிட்டார். மறுபடி காபி. "ரெண்டே ரெண்டு வார்த்தைம்மா. உங்க திறமையைப் பாத்துதான் கிரேடு குடுத்தாங்க, மத்தவங்க செய்யறது எடுபிடி வேலைன்னு சொல்லுங்க, போதும்" என்றாராம். "நீங்க என்ன சொன்னீங்க?" என்று இந்தத் தடவையும் கேட்டேன். "காபி நல்லா இருந்துச்சு சார்னு சொல்லிட்டு வந்தேன்" என்றார். சிரிக்கவில்லை.

விசாரணை நாளன்று நாங்கள் பலர் லீவு போட்டுவிட்டுக் கோர்ட்டுக்குப் போனோம். சின்ன அறை. மேலே மின்விசிறி கிறீச்சிட்டுக்கொண்டிருந்தது. வதினா முதல் வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கூண்டில் ஏறிய அக்கா வெள்ளைப் புடவை கட்டியிருந்தார், சர்ச்சுக்குப் போவதுபோல. கேள்விகள் ஹிந்தியில் வந்தன, பதிலும் அவருடைய ஹைதராபாத் ஹிந்தியில்தான். நான் தமிழில் எழுதுகிறேன்.

"உங்களுக்கு மட்டும் கிரேடு கொடுத்தது எதற்காக?" என்று கேட்டார் கம்பெனி வக்கீல்.

"தெரியாது சார்."

"உங்கள் திறமையைப் பார்த்துத்தானே?"

"இருக்கலாம் சார்."

"நீங்கள் செய்வது வயரிங். மற்ற பெண்கள் செய்வது அதற்கு உதவி. சரிதானே?"

அக்கா கூண்டின் கட்டையைப் பிடித்துக்கொண்டார். ஹவ் என்ற ஒரு சொல்லோடு எல்லாம் முடிந்துவிடப் போகிறது என்று நினைத்தேன். "நான் செய்யறதைத்தான் சார் அவங்களும் செய்யறாங்க" என்றார். கம்பெனி வக்கீல் கேள்வியை மாற்றிக் கேட்டார். மாற்றி மாற்றிக் கேட்டார். அக்காவின் பதிலில் தெலுங்கும் தமிழும் கலந்து வந்தது. ஆனால் சொன்னது ஒன்றுதான்.

பிறகு எங்கள் கிழவர் எழுந்தார். ஷெர்வானியைச் சரிசெய்துகொண்டார். "பீபி, கிரேடு கிடைத்த மறுநாள் எங்கே உட்கார்ந்தீர்கள்?" என்று கேட்டார்.

"அதே இடத்துலதான்."

"என்ன வேலை செய்தீர்கள்?"

"முந்தின நாள் பாதியில விட்டுட்டுப் போன பலகை இருந்துச்சு. அதை முடிச்சேன்."

கிழவர் உட்கார்ந்துவிட்டார். நீதிபதி அந்தப் பதிலைத் திருப்பிச் சொல்ல, டைப்பிஸ்டு அடித்தார். வதினா கட்டிய கையை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டதை நான் பார்த்தேன். அக்கா கூண்டிலிருந்து இறங்கி எங்கள் யாரையும் பார்க்காமல் வெளியே போனார். பின்னாலேயே ஓடினேன். வராந்தாவில் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். "வீடு போச்சு" என்றார்.

அப்படியேதான் ஆயிற்று. வயர்மேன் கிரேடில் அவர் இன்னும் தகுதிகாண் காலத்தில்தான் இருந்தார். அது திருப்தியாக இல்லை என்று சொல்லி மறுபடி ஹெல்ப்பராக இறக்கினார்கள். குவார்ட்டர்ஸைக் காலி செய்யச் சொன்னார்கள். பர்சனல் ஆபீசர் அந்த உத்தரவைத் தன் கையால் கொடுக்கவில்லை, பியூனிடம் கொடுத்தனுப்பினார்.

மெட்டுகூடாவிலேயே வேறொரு மாடி வீடுதான் கிடைத்தது. சாமான் ஏற்றும் ஞாயிற்றுக்கிழமை நானும் என் தம்பியும் போனோம். கொஞ்ச நேரத்தில் ஒரு தள்ளுவண்டியோடு வதினா வந்தார், பின்னால் இன்னும் நாலைந்து பெண்கள். வாசலில் நின்ற அக்காவிடம் அவர் ஒன்றும் பேசவில்லை. உள்ளே போய்ப் பாத்திர மூட்டையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார். புது வீட்டின் படிக்கட்டு பழையதைவிடச் செங்குத்து. மாமாவை நாற்காலியோடு தூக்க வேண்டும். என் தம்பி மேலே, வதினாவும் நானும் கீழே பிடித்தோம். பாதிப் படியில் மாமா அழ ஆரம்பித்தார். குழறிக் குழறி ஏதோ சொன்னார். வதினா மூச்சு வாங்கிக்கொண்டே தெலுங்கில், "அழாதீங்க அண்ணா, நான் இருக்கேன், கீழே விட மாட்டேன்" என்றார். மேலே போனதும் அக்காவும் வதினாவும் சமையலறைக்குள் போனார்கள். ரொம்ப நேரம் இருவரும் வெளியே வரவில்லை. என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. வரும்போது இருவர் முகமும் கழுவியிருந்தது.

ஊரில் பிறகு ஒரு கதை உலவியது. அக்கா ஆரம்பத்திலேயே திட்டம் போட்டுத்தான் கிரேடை வாங்கினார், கம்பெனி தன்னைச் சாட்சிக்குக் கூப்பிடும் என்று தெரிந்தே செய்தார் என்று. கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஒருநாள் பஸ்ஸில் நேரடியாகவே கேட்டுவிட்டேன். "நக்கோ. அப்படியெல்லாம் சொல்லாதே" என்றார். "வீட்டுக்காகத்தான் வாங்கினேன். அவரு வெயில்ல உக்காரணும்னு வாங்கினேன். கூண்டுல ஏறும்போதுகூட, ஹவ்னு சொல்லிடலாம்னுதான் ஏறினேன். வதினா எதுக்க உக்காந்திருந்தா. வாயில வரல." கொஞ்சம் கழித்து, "வந்திருந்தா நல்லா இருந்திருக்குமோன்னு இப்பவும் சில நாள் தோணும்" என்றார். எனக்கு அந்தக் கதையைவிட இந்தப் பதில்தான் அதிகம் தொந்தரவு கொடுத்தது. இன்றுவரை கொடுக்கிறது.

சில வருடங்கள் கழித்துத் தீர்ப்பு வந்தது. ஜெயித்துவிட்டோம். மனுவில் பெயர் உள்ள பெண்கள் எல்லோருக்கும் வயர்மேன் கிரேடு, தீர்ப்புத் தேதியிலிருந்து. கிழவர் மாடி அறையில் மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு பெயர்களை ஒவ்வொன்றாகப் படித்தார். அக்காவின் பெயர் இல்லை. இருக்காது என்று எல்லோருக்கும் தெரிந்ததுதான், அவர்தான் பெயரை எடுத்துக்கொண்டவராயிற்றே. தெரிந்திருந்தும் அது வரும் வரும் என்று நாங்கள் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறோம். அக்கா கையோடு கொண்டுவந்திருந்த உஸ்மானியா பிஸ்கட் பொட்டலத்தைப் பிரித்து எல்லோருக்கும் கொடுத்தார். "சாப்பிடுங்கமா, கைக்கு இப்படி மூஞ்சிய வச்சிருக்கீங்க?" என்றார். கிழவரிடமிருந்து முதல் தடவையாகச் சபர் என்ற சொல் வரவில்லை.

அடுத்த திங்கட்கிழமை ஃபோர்மேன் எங்கள் மேஜைக்கு வந்தார். இனி நாங்கள் வயர்மேன்கள், எங்களுக்கு ஒரு ஹெல்ப்பர் உண்டு என்றார். அந்த ஹெல்ப்பர் அக்கா. ஃபோர்மேனுக்கே அதைச் சொல்லக் கூச்சமாக இருந்தது, தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். அக்கா எழுந்து, ஸ்டோர்ஸிலிருந்து கம்பித் தட்டை எடுத்துவரக் கிளம்பினார். வதினா பாய்ந்து போய் அவர் தோளைப் பிடித்தார். "கூர்ச்சோ" என்றார். உட்கார் என்று அர்த்தம். அப்படியே அழுத்தி உட்கார வைத்துவிட்டு, தன் புது டோக்கனை எடுத்துக்கொண்டு தானே ஸ்டோர்ஸுக்குப் போனார். அக்காவுக்கு வேண்டிய கட்டர், அயர்ன் எல்லாவற்றையும் தன் பேரில் வாங்கிவந்து அக்காவின் முன்னால் வைத்தார். ஃபோர்மேன் பார்த்துவிட்டு அடுத்த மேஜைக்குப் போய்விட்டார். அக்கா ஓய்வு பெறும்வரை அப்படித்தான் நடந்தது. காகிதத்தில் எங்களுக்கு ஹெல்ப்பர். மேஜையில் எங்களோடு வயரிங். தட்டுகளை நாங்கள் முறை வைத்துத் தூக்கினோம். வதினா ஒருநாள்கூடத் தன் முறையை விட்டதில்லை.

வதினா விடாமல் யூனியனை நச்சரித்ததன் பலன், அக்காவின் ஓய்வுக்குச் சில மாதங்கள் இருக்கும்போது கிடைத்தது. அவருக்கும் கிரேடு என்று உத்தரவு வந்தது. அப்போதிருந்த பர்சனல் ஆபீசர் சின்ன வயசுக்காரர், நல்ல பையன், தானே ஷாப்புக்கு வந்து சந்தோஷமாகக் கொடுத்தார். அக்கா கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு படித்தார்.

"எந்தத் தேதியிலிருந்து சார்?" என்று கேட்டார்.

"இன்னிக்குத் தேதியிலேர்ந்தும்மா."

அக்கா உத்தரவை மடித்து அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தார். "நான் இன்னிக்கு வயர்மேன் ஆகல சார்" என்றார்.

வதினா அன்று போட்ட சத்தம்! இதற்காக எத்தனை பேர் காலில் விழுந்தேன், உனக்கு இவ்வளவு ராங்கி ஆகாது என்று தெலுங்கில் திட்டித் தீர்த்தார். எனக்கும் கோபம்தான். பஸ்ஸில், "வாங்கியிருக்கலாம் அக்கா. போகும்போதாவது பேரோட போயிருக்கலாம்" என்றேன். "இன்னிக்கு வாங்கினா, இத்தனை வருஷம் நான் ஹெல்ப்பர்தான்னு நானே கையெழுத்துப் போட்ட மாதிரி ஆயிடும்" என்றார். தீர்ப்புத் தேதியிலிருந்து என்று எங்களுக்குச் சொன்னபோது எங்களில் ஒருவர்கூட அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. கிடைத்ததே போதும் என்றிருந்தது.

ஹெல்ப்பராகவே ஓய்வு பெற்றார். ஓய்வு பெற்ற கையோடு, சேர்ந்த நாளிலிருந்தே தான் வயர்மேன் என்று கேஸ் போட்டார். கிழவர் போய்ச் சேர்ந்துவிட்டார், அதே மாடி அறையில் அவர் மகன் இருந்தார். அதற்குள் மாமாவும் இல்லை, பெண்கள் கல்யாணமாகிப் போய்விட்டார்கள். அக்கா வாய்தா நாட்களில் குடையும் தண்ணீர் பாட்டிலுமாகக் கிளம்பிவிடுவார். கோர்ட் வராந்தாவில் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருப்பாராம். ஒருநாள் என் வீட்டுக்கு வந்து, "ஒரு சாட்சி வேணுமாம். வரியா?" என்று கேட்டார். நான் அப்போது இன்னும் சர்வீஸில்தான் இருந்தேன். யோசித்துச் சொல்கிறேன் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

கூண்டில் ஏறினேன். அது எவ்வளவு சின்ன இடம் என்பது ஏறினால்தான் தெரிகிறது. கம்பெனி வக்கீல் அலுப்போடு, "இவர் வயரிங் வேலை செய்து பார்த்ததாகச் சொல்கிறீர்கள். எந்தத் தேதியிலிருந்து?" என்று கேட்டார். "நான் சேர்ந்த அன்னிக்கு உள்ளே போனப்போ, அவங்க பலகை முன்னால உக்காந்து வேலை செஞ்சுக்கிட்டிருந்தாங்க. எனக்கு முன்னாடியே" என்றேன். கோடி பெஞ்சிலிருந்த அக்காவை நான் பார்க்கவில்லை.

தீர்ப்பு பாதி சாதகமாக வந்தது. அவரைக் கீழே இறக்கியது தவறு, அதனால் முதலில் கிரேடு கொடுத்த நாளிலிருந்து அவர் வயர்மேன்தான் என்றது கோர்ட். அதற்கு முந்திய வருடங்களுக்கு ஆதாரமில்லை, ஜாப் கார்டுகளில் எல்லாம் வேறு பெயர்கள் என்றது. அக்கா அப்பீல் போட்டார். ஹைகோர்ட்டில் அது விசாரணைக்கு வந்த அன்றே தள்ளுபடியாயிற்று. அதன்பிறகு அவர் அதிக நாள் இருக்கவில்லை.

நான் வயர்மேன் கிரேடிலிருந்து மேலும் இரண்டு படி ஏறி ஓய்வு பெற்றேன். தார்நாகாவில் மகனோடு இருக்கிறேன். போன மாதம் ஆட்டோவில் என்னோடு ஏறிய ஒரு பெண் கழுத்தில் அடையாள அட்டை தொங்கியது. பாலாநகர்ப் பக்கம் ஏதோ கம்பெனியில் ஒப்பந்த வேலையாம். மெஷின் ஓட்டுகிறேன் ஆன்ட்டி என்றாள். அட்டையில் ஹெல்ப்பர் என்று போட்டிருந்தது. அவள் இறங்கிப்போன பிறகும் எனக்கு மனது ஓரிடத்தில் இல்லை. அதனால்தான் இதையெல்லாம் எழுத உட்கார்ந்தேன்.

அந்தப் பாதித் தீர்ப்பை வக்கீலின் மகன் படித்துக் காட்டிய நாளில் நானும் வதினாவும் உடன் இருந்தோம். அவர் மேஜைமேல் இனிப்புப் பெட்டியைத் திறந்து வைத்து, "முபாரக் ஹோ, அம்மா" என்று வாழ்த்தினார். வதினா ஏற்கெனவே கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். அக்கா இனிப்பைத் தொடவில்லை. படித்ததை இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். பிறகு, "அப்ப அதுக்கு முன்னாடி செஞ்சதெல்லாம் யாரு செஞ்சதாம்?" என்று கேட்டார். "ஹைகோர்ட்டுக்குப் போகலாம்மா. ஆனா உங்க வயசுக்கு..." என்று பையன் இழுத்தார். அக்கா எழுந்துவிட்டார். முழங்கால் வலியோடு படிக்கட்டின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு எங்களுக்கு முன்னால் வேகமாக இறங்கினார். நானும் வதினாவும் கீழே வந்து சேர்வதற்குள் அவர் தெருவோரத்தில் நாலு எட்டு இங்கும் நாலு எட்டு அங்கும் நடந்துகொண்டிருந்தார்.

"ஹைகோர்ட்டுக்கு நம்ம பக்கத்துலேர்ந்து எந்த பஸ் போகும்?" என்று கேட்டார்.